மலை உச்சிக்கு நேரே

வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பார்ப்போம், உச்சுக்கொட்டுவோம், காலண்டரை எடுத்து அதன்மேல் மாட்டிவிட்டுப் போய்விடுவோம். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு வருவார். விரிசல் எங்கே போய் முடிகிறதோ அந்த நுனியில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுத்த போர்ஷனுக்கு வந்த அன்றைக்கு, பால் காய்ச்சிய கையோடு அவர் செய்த முதல் வேலை இதுதான். வண்டியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தம்மா சுவரோடு சுவராக நிற்கிறார்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்குமா?

"இன்னாம்மா, புதுசா பெயின்ட் அடிச்ச செவுரு. கிறுக்கி வெச்சிட்டீங்களே."

"கிறுக்கல சார். அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கேன்."

"அந்த விரிசல் எங்கப்பா கட்டின நாள்லேருந்து அப்படியேதான் இருக்குது. ஒண்ணும் ஆவாது."

"அப்படியேதான் இருக்குதான்னுதான் பார்க்கப்போறேன்" என்றார்.

எட்டு மாதம் கழித்து விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நீங்கதான் கோட்டைக் கம்மியா போட்டிருப்பீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். இந்தம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கொத்தனார் வந்து தோண்டிப் பார்த்தபோது, அஸ்திவாரத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அவர் நில அளவைத் துறையில் சர்வேயர். பெயரை நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் சர்வேயர் மேடம், எனக்கு மட்டும் போகப்போக அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை, அதற்குள் அளக்கிற டேப். கலெக்டர் ஆபீஸ் எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலையில் அன்றைய வரைபடத்தை நகல் எடுக்க வருவார். நான் நகல் எடுத்துக் கொடுத்ததும் அசலையும் நகலையும் வெளிச்சத்தில் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது.

"மிஷின் எடுத்த காப்பி, மேடம். அதுல போயி இன்னா தப்பு வரும்?"

"வராதுதான். வரலியான்னு பார்க்கிறேன்."

இவ்வளவுதான் அவர். எதையும் அது நிற்கிற இடத்தில் நிற்கிறது என்று நம்பமாட்டார். கல் நகரும், மரம் நகரும், ஏரிக்கரை நகரும், காகிதம்கூட மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்பார். அதற்காக எல்லாம் மாயை, எதுவும் நிலையில்லை என்று பெருமூச்சு விடுகிற ஆளும் இல்லை. ஆசிரமம் பக்கம் அப்படிப் பேசுகிறவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள், அவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நிலையில்லன்னு சொல்லிட்டு சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு இவ்வளோ பேச்சு? எதுவும் தானா நிக்காது. யாராவது நிக்க வெச்சாத்தான் நிக்கும். எழுந்து போயி நிக்க வெக்கணும்" என்பார். இதைச் சொல்லும்போது குரலில் வருத்தமே இருக்காது. அரிசி களைகிறவர் தண்ணீர் அளவு சொல்வதைப் போலச் சொல்வார்.

டீக்கடையில் ஒருநாள் பெரிய வாக்குவாதமாகிவிட்டது. கிரிவலத்துக்கு வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், "உலகத்துல எல்லாம் மாறும், இந்த மலை ஒண்ணுதான் மாறாது" என்று கண்ணை மூடிக் கும்பிட்டார். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். இந்த ஊரில் பிறந்தவர்கள் இதற்குத் தலையாட்டாமல் இருக்க முடியுமா? இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏங்க, மழை பெஞ்சா ரோட்டுக்கு மண்ணு அடிச்சிகினு வருதே, அது எங்கேருந்து வருது?"

வந்தவர் கண்ணைத் திறந்தார்.

"மலையிலேருந்துதான் வருது. அப்ப மலை கரையுதா இல்லியா? நான் சின்னப் பொண்ணா வந்தப்ப இது மொட்டைப்பாறை. இப்ப பாருங்க, பாதி மலைக்கு மரம். ஆளுங்க வருஷா வருஷம் கன்னு வெச்சி, தண்ணி சுமந்து ஊத்தினாங்க."

"அப்ப உங்களுக்கு சாமி நம்பிக்கை இல்லையா, அம்மா?"

"யாரு சொன்னா? பௌர்ணமி தவறாம சுத்தறேனே. மாறாததுன்னா ஒருவாட்டி சுத்தினா போதாதா? மாறிக்கினே இருக்குது, அதான் போயிப் போயிப் பார்க்க வேண்டியதா இருக்கு."

அந்த மனிதர் டீக்குக் காசை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். எனக்கு மட்டும் அன்று மாலை கடையைப் பூட்டும்போது மலையை ஒருமுறை நின்று பார்க்கத் தோன்றியது.

வெயில் ஏறினால் அளக்கமாட்டார். இது இன்னொன்று. மனை போட்டு விற்கிறவர் ஒருவர் உச்சி வெயிலில் பெரிய காரில் வந்து இறங்கினார். கூட நாலு பேர். உடனே வந்து அளக்க வேண்டுமாம். என் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். "வெயில்ல இரும்பு டேப்பு நீளும் சார். காலையில ஆறரைக்கு வரேன்" என்றார் இவர்.

"எவ்வளோ நீண்டுடப்போவுது?"

"இந்த டேப்புல ஒரு நகக்கண் அளவு."

"ஒரு நகக்கண்ணுக்கா ஒருநாள் காத்திருக்கச் சொல்றீங்க?"

"நகக்கண்ணு பெரிசில்ல. இன்னிக்கு அதை விட்டேன்னு வைங்க, நாளைக்கு விரலை விடுவேன். அடுத்த மாசம் நீங்க ஒரு முழம் கேப்பீங்க."

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் ரோட்டைப் பார்த்தார்கள். கார் திரும்பிப் போய் மறுநாள் காலை ஆறரைக்கு வந்தது.

அவருடைய கணவர் விழுப்புரத்தில் வேலை பார்த்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் பாதிக்குமேல் ஆளுக்கொரு ஊர். தினமும் மாலை ஆறரைக்கு போன் வரும், இவர்தான் கேட்பார். "சாப்டீங்களா? இன்னா குழம்பு? முட்டி வலி எப்படி?" அவ்வளவுதான் பேச்சு. தினமும் அதே மூன்று கேள்வி. ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்: "அக்கா, நேத்து கேட்டதையேதான் இன்னிக்கும் கேட்கிறீங்க. பதிவு பண்ணி வெச்சிட்டாப் போதாதா?"

"போதாது. நேத்து பதில் நேத்தோட போச்சு. அந்த ஆளு இன்னிக்கு அதே ஆளான்னு இன்னிக்குத்தான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்."

எல்லா நேரமும் அவர் பேச்சு இனித்தது என்று சொன்னால் பொய். ஒருமுறை பேச்சுவாக்கில், "எங்கப்பா ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். பதினோரு வருஷமா அதே வார்த்தை. மாறவே மாட்டாரு" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பதினோரு வருஷமா ஒண்ணு மாறலன்னா, பதினோரு வருஷமா யாரும் போயிப் பார்க்கலன்னு அர்த்தம்" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. என் அப்பாவைச் சொல்ல இவர் யார்? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி அழுதேன்.

கதை இதுதான். எங்களுக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை, அப்பா அங்கேதான் இருந்தார். தாத்தாவின் நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு அதிலேயே அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். ரோட்டோரம் ஒரே ஒரு கல். "இந்தக் கல்லுல நின்னு மலை உச்சியைப் பாரு, அதுதான் எல்லை" என்பது தாத்தா வாக்கு. ரோடு போடும்போது ஜேசிபி அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. அப்பா அதைத் தூக்கி, முன்பு இருந்ததைப் போலவே முருங்கை மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நட்டார். பெரியப்பா வந்து பார்த்து, "நாலடி எம்பக்கம் நட்டிருக்கே" என்றார். வார்த்தை தடித்தது. அப்பா தன் கல்லில் நின்று கையை நீட்டிக் காட்டினார், மலை உச்சி நேராக இருந்தது. பெரியப்பா நாலடி தள்ளித் தன் குச்சியை ஊன்றி நின்று காட்டினார், அங்கிருந்தும் நேராக இருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் சர்க்கார் அளவைக்குப் போகச் சொன்னார்கள். "மலையைவிடப் பெரிய சர்வேயரா?" என்றார்கள் இரண்டு பேருமே. கடைசியில் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, என் கோடுதான் மலை உச்சிக்கு நேர் என்று அப்பா சத்தியம் பண்ணினார். அதே கற்பூரத்தில் பெரியப்பாவும் பண்ணினார்.

அன்றைக்கு முறிந்ததுதான். அப்பாவுக்கு நாலடி மண் ஒரு பொருட்டே இல்லை. அண்ணாமலையார் முன்னால் தன் அண்ணன் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டான், அதுதான் அவருக்குத் தாளவில்லை. பெரியப்பாவுக்கும் அதேதான். அடுத்தடுத்த வாசல், பதினோரு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் பெரியம்மா செத்துப்போனார். ஏழு வயசில் தாயை இழந்த என் அப்பாவைச் சோறு ஊட்டி வளர்த்த அண்ணி அவர். அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்தார். பக்கத்து வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்தபடி நின்றார். "பொய்ச் சத்தியம் பண்ணவன் வீட்டுல கால் வெக்கமாட்டேன்" என்று திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதமாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஒன்றுதான் கேட்டார்: "அந்த முருங்கை மரம் எப்ப வெச்சது?"

நான் என் அப்பாவைப் பற்றி அழுகிறேன், இவர் மரத்தைப் பற்றிக் கேட்கிறார்!

அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "கண்ணை மூடறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். யாரு பொய்யின்னு தெரிஞ்சாவணும். எழுதிப்போடு" என்றார். நிலத்தை அளந்து தரச்சொல்லி நான்தான் மனு எழுதிப் போட்டேன். போட்ட பிறகுதான் யோசித்தேன். பெரியப்பா பொய்யர் என்று ஆனால், அந்த வாசல் இனி ஜன்மத்துக்கும் திறக்காது. அப்பா பொய்யர் என்று ஆனால், அந்த நெஞ்சு அதைத் தாங்காது. எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு ஒரு ஆள் மிஞ்சமாட்டார். "அக்கா, ஏதாவது பார்த்துப் பண்ணுங்களேன்" என்று கெஞ்சக்கூடச் செய்தேன். "நான் பார்க்க மட்டும்தான் செய்வேன்" என்றார் அவர்.

குறித்த நாளில் காலை ஆறரைக்கு அடி அண்ணாமலைக்கு வந்தார். உதவியாளர் அன்று லீவு என்பதால் டேப்பின் ஒரு முனை என் கைக்கு வந்தது. தகராறுக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஏரிக்கரைக்குப் போனார். அங்கே ஒரு பழைய சர்வே கல், ஓடையோரம் ஒன்று, அடுத்தவர் கொல்லையில் ஒன்று. மூன்றுக்கும் நடுவிலுள்ள தூரங்களை அளந்து வரைபடத்தோடு ஒத்துப்பார்த்தார். "ஒத்தைக் கல்லை நம்பக்கூடாது. மூணு கல்லு ஒண்ணையொண்ணு ஒத்துச் சொன்னாத்தான் அதது எடத்துல இருக்குன்னு அர்த்தம்." மூன்றும் ஒத்துச் சொல்லின. அதிலிருந்து பிடித்துக்கொண்டு எங்கள் நிலத்துக்கு வந்தார். அளந்தார். நோட்டில் எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அளந்தார். அதே அளவு வந்தது. நோட்டில் டிக் போட்டார்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. அப்பா தன் கல்லருகே. பெரியப்பா தன் குச்சியருகே. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"பெரியவரே, உங்க எடத்துல நின்னு மலை உச்சியைக் காட்டுங்க" என்றார் அக்கா பெரியப்பாவிடம்.

கை நீண்டது.

"நீங்களும் காட்டுங்க." அப்பாவின் கையும் நீண்டது. இரண்டும் நேர்.

"நீ நடுவுல வந்து நில்லும்மா. நீயும் காட்டு." நான் காட்டினேன். எனக்கும் நேராகத்தான் இருந்தது. அப்புறம் வேடிக்கை பார்க்க வந்த பால்காரரைக் கூப்பிட்டுப் பத்தடி தள்ளி ரோட்டில் நிறுத்தினார். அவரும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார். நாலு கைகள் ஒரே மலையைக் காட்டிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே அடங்கியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும்.

"எங்க நின்னு பார்த்தாலும் மலை நேராத்தாங்க தெரியும். அவ்வளோ பெரிசு, அவ்வளோ தூரம். உங்க நைனா சொன்னதுல தப்பில்ல, ஆனா கல்லு இருந்த எடத்துலேருந்து பார்க்கணும். கல்லே போயிட்டப்புறம் நீங்க நின்ன எடமெல்லாம் எல்லைதான்."

"நான் முருங்கை மரத்தை அடையாளம் வெச்சித்தான் நட்டேன்" என்றார் அப்பா. பக்கத்திலிருந்த மரத்தைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா அந்த மரத்தின் பக்கத்தில் போய்க் குவிந்துகிடந்த சருகை ஷூவால் தள்ளினார். உளுத்துப்போன பழைய அடிமரம் மூன்றடி தள்ளி மண்ணுக்குள் தெரிந்தது. "அந்த மரம் எப்பவோ புயல்ல சாஞ்சிருக்குங்க. விழுந்த கிளை இங்க வேர்விட்டு மரமாயிடுச்சி. முருங்கைக்கு அது வழக்கம்தானே. நீங்க பார்த்து நட்டது அந்த மரத்தை இல்ல."

சுண்ணாம்பால் சரியான கோட்டைப் போட்டார். கோடு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது, பெரியப்பா குச்சிக்கு ஒரு அடி தள்ளி, அப்பா கல்லுக்கு மூன்றடி எங்கள் பக்கமாக. எங்கள் பாத்ரூம் சுவர் பெரியப்பா மண்ணில் நின்றது. யாருமே அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப," என்றார் அப்பா, "அவரு பண்ணது பொய்ச் சத்தியம் இல்லியா?"

"யாரும் பொய் சொல்லலீங்க."

"எங்கண்ணன் பொய் சொல்லல?"

"இல்லீங்க. நீங்களும் சொல்லல."

அப்பா அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "அண்ணி சாவுக்கு நான் போவலியே" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "எட்டி நடந்தா எட்டு அடி. நான் போவலியே." அதற்குமேல் அழுகைதான் வந்தது. பெரியப்பா தலைகுனிந்து நின்றார், துண்டின் நுனி அவர் வாயில் இருந்தது. எனக்கு அக்காமேல் ஆத்திரமாக வந்தது. யாராவது ஒருவர் பொய் என்று ஆகியிருந்தால் என் பாவப்பட்ட அப்பா அந்தப் பதினோரு வருஷத்துக்கு ஒரு காரணமாவது வைத்திருப்பாரே! எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அந்த மனுஷி, அன்று ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. டேப்பை எடுத்தார். ஒரு முனையைப் பெரியப்பா கையில் கொடுத்தார். இன்னொரு முனையைக் கொண்டுவந்து கீழே உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் வைத்தார்.

"இன்னொரு வாட்டி பார்த்துடலாம். எழுந்திருங்க. உங்க நிலம், நீங்க ரெண்டு பேரும் அளங்க. டேப்பு தொய்யக்கூடாது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லிப் பிடிக்கணும்."

இரண்டு தடவை அளந்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், நான்தானே முனையைப் பிடித்தேன். வாயைத் திறக்கப்போனேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அப்பா முட்டியில் கையூன்றி எழுந்தார். கல் வரவேண்டிய இடத்தில் முனையை வைத்துக்கொண்டு குந்தினார். பெரியப்பா டேப்பை விட்டுக்கொண்டே நிலத்தின் மறுகோடிக்கு நடந்துபோனார். அங்கே போய் நின்றார். டேப் தொய்ந்து வரப்பில் கிடந்தது.

அப்புறம் அங்கிருந்து குரல் வந்தது.

"புடிச்சிட்டியாடா?"

அப்பா தோளால் கண்ணைத் துடைத்தார். "புடிச்சிட்டேண்ணா."

"இழுக்கப்போறேன். விட்றாத."

"விடமாட்டேண்ணா."

டேப் மண்ணைவிட்டு எழும்பி விறைத்து நின்றது. பெரியப்பா அளவைப் படித்து உரக்கச் சொன்னார். அப்பா அதை அப்படியே திருப்பிச் சொன்னார். அக்காவின் நோட்டு பைக்குள் இருந்தது, அவர் வெளியே எடுக்கவே இல்லை.